ஒன்பதாம் எண் எலும்பு

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு இன்குபேட்டர் கதவைச் சாத்திய வேணி, சாத்திய கையை எடுக்கவில்லை. இனி இரண்டு மணி பத்து வரைக்கும் இந்தக் கதவைத் திறக்கக் கூடாது. சும்மா சும்மா திறந்தால் உள்ளே சூடு குறையும், காற்றின் அளவு மாறும், உயிரோடு இருக்கிற செல்லும் சுணங்கிப்போகும் என்று ஆய்வுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்கிறவளே அவள்தான். ஆனாலும் கை கைப்பிடியை விட்டு வரமாட்டேன் என்றது. கதவுக்கு மேலே முப்பத்தேழு டிகிரி என்று சிவப்பு எழுத்து, மனுஷ உடம்புச் சூடு. உள்ளே நடு அடுக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குட்டிக் குழி, குழிக்குள் அத்தை. அத்தை என்று சொல்லக் கூடாது. தட்டின் மேல் மார்க்கர் பேனாவில் அவளே எழுதியிருக்கிறாள்: டி-ஒன்பது. அதாவது தானம் கொடுத்தவர் எண் ஒன்பது, எலும்பு செல், இடது இடுப்பு, வயது எழுபத்தொன்று, பெண். பெயர் எழுதக் கூடாது என்பது விதி. தெரிந்த பெயரைத் தெரியாமல் ஆக்கிக்கொள்வது எப்படி என்று மட்டும் எந்த விதியும் சொல்லித் தரவில்லை. சரி, கையை எடு வேணி, என்று தனக்கே சொல்லிக்கொண்டு கையை எடுத்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். உட்கார்ந்தாள், உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் எழுந்துபோய் சிவப்பு எழுத்தை மறுபடி பார்த்தாள். முப்பத்தேழுதான்.

சோதனை என்னவோ எளிதுதான். செல்களின் மேல் பசை ஊறிய நீரை விட்டு ஒரு நாள் வைக்கிறது, அப்புறம் மஞ்சள் சாயத்தை விடுகிறது, நாலு மணி நேரம் காத்துக் கிடக்கிறது. உயிருள்ள செல் மஞ்சளைக் குடித்து ஊதாவாக்கிவிடும், நல்ல கத்தரிப்பூ ஊதா. செத்த செல்லுக்கு மஞ்சளும் ஒன்றுதான், மழைத்தண்ணியும் ஒன்றுதான், அது பாட்டுக்குக் கிடக்கும். ஊதா என்றால் பசை நல்லது, மஞ்சள் என்றால் கெட்டது, பச்சைப்பிள்ளைக்குக்கூடப் புரியும். தோல் கிழிந்தால் தையலுக்குப் பதிலாக ஒட்டுகிற பசை ஆஸ்பத்திரிகளில் எப்போதோ வந்துவிட்டது. அதே ஜாதிப் பசையைக் கொஞ்சம் மாற்றி, ஸ்க்ரூ பிடிக்காத அளவுக்குப் பொடியாக உடைந்த எலும்புச் சில்லையும் ஒட்டிவிடலாம் என்பது அவளுடைய கைடு ஜெபமணி மேடத்தின் ஆறு வருஷக் கனவு. எலும்பில் ஒட்டவேண்டுமா, அப்படியானால் எலும்பு செல் சாகாது என்று காட்டு, அதுவும் லேபிலேயே பிறந்து வளர்ந்த செல் வேண்டாம், மனுஷ எலும்பிலிருந்து நேராக எடுத்த செல்லில் காட்டு என்று ஆஸ்பத்திரிக் கமிட்டி கேட்டது. வேணி காட்டினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பிழைத்திருக்கிறது, செல்: டி-ஒன்பது என்று அறிக்கை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்து ஒரு மாசம் ஆகிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் நோயாளி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பெண்ணாம், இருபத்தொன்பது வயசாம், லாரிக்கு ஒதுங்கப்போய் வண்டி கவிழ்ந்து இடது கன்ன எலும்பில் பட்டாணி பட்டாணியாக நாலு சில்லாம். மேடம் நேற்று சந்தோஷம் தாங்காமல் தோளைத் தட்டிச் சொன்னார். “வேணி, உன் ரிப்போர்ட்டப் பார்த்துத்தாம்மா கமிட்டி ஒத்துக்கிச்சு. அந்தப் பொண்ணு உனக்குத்தான் நன்றி சொல்லணும்.” வேணி சிரித்தாள். சிரித்த வாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். ஏனென்றால் அந்த அறிக்கையில் இருந்தது டி-ஒன்பது இல்லை. பொய். பச்சைப் பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைக் கையெழுத்துப் போட்டு மறைத்திருந்தாள்.

மறைத்ததுதான் மறைத்தாள், காசுக்கா, பட்டத்துக்கா, பேருக்கா? அப்படி இருந்தால் தேவலையே, திட்டிக்கொள்ளவாவது ஒரு வார்த்தை கிடைக்குமே! அத்தைக்காக மறைத்தாள். அத்தை என்றால் புருஷன் நம்பிராஜனைப் பெற்ற இசக்கியம்மாள், பாளையங்கோட்டைக்காரி, மகனுக்கு மெட்ராஸில் வேலை ஆனதும் கூடவே வந்து பன்னிரண்டு வருஷம் வேணியின் சமையலைச் சாப்பிட்டவள். சாப்பிட்டவள் என்றா சொல்வது, தீர்ப்புச் சொன்னவள். கத்தமாட்டாள், முகத்தைச் சுளிக்கமாட்டாள், தட்டை ஒற்றை விரலால் ஒரு அங்குலம் தள்ளிவிட்டு, “நல்லால்ல” என்பாள். அவ்வளவுதான். அப்புறம் அதே தட்டை இழுத்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடிப்பாள். கல்யாணமான புதுசில் வேணி காஞ்சிபுரத்துப் பழக்கத்தில் சாம்பாரில் துளி வெல்லம் போட்டபோது மட்டும் கொஞ்சம் கூடப் பேசினாள். “ஏட்டி, உங்க ஊர்ல சாம்பார் வைப்பியளா பாயாசம் வைப்பியளா?” நம்பிராஜன் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறச் சிரித்தான். வேணி அன்றைக்கு அழுதாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து ஒருதடவை, ஒரே ஒருதடவை, நல்லாருக்கு என்று கேட்டுவிட வேண்டும் என்று அவள் போடாத மசாலா இல்லை. வறுத்து அரைத்தாள், அரைத்து வறுத்தாள். நல்லால்ல. சொதி வைத்தாள், அது அத்தையின் ஊர்ச் சரக்கு, அம்மாவிடம் பழகிய கையைத் துறந்து யூடியூப் பார்த்து வைத்தாள். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு யோசித்தாள், வேணி கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றாள். “தேங்காப்பால் திரிஞ்சிருக்கு. நல்லால்ல.” உள்ளதுதான், திரிந்திருந்தது. அதுதான் எரிச்சல். அந்த நாக்கு ஒருநாளும் வேண்டுமென்று குற்றம் சொன்னதில்லை.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தபோது டாக்டர்கள் தொடையெலும்பின் தலையை வெட்டிவிட்டு உலோகக் குண்டு வைத்தார்கள். வெட்டிய எலும்பு குப்பைக்குத்தான் போகும். வேணி தாளை நீட்டிக் கேட்டாள், அத்தை, அந்த எலும்பை எங்க லேபுக்குக் கொடுக்கறீங்களா, அதிலிருந்து செல் எடுத்து வளர்ப்போம், மருந்தெல்லாம் அதுல போட்டுப் பார்ப்போம். அத்தை படுத்தவாக்கில் ஏற இறங்கப் பார்த்தாள். “எலும்ப வச்சு என்னட்டி செய்யப்போற, சூப்பா? வச்சுக்கோ. சூப்பாவது நல்லா வருதான்னு பாப்போம்.” பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள்கூட சிரித்துவிட்டாள். இடது கையில் குளுகோஸ் ஊசியோடு வலது கையால் கோணல் எழுத்தில் இசக்கியம்மாள் என்று கையெழுத்துப் போட்டாள். அந்த எலும்பைக் கழுவி, பொடித் துண்டாக்கி, கிண்ணத்தில் வைத்து, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஓரத்தில் முதல் செல் ஊர்ந்து வெளியே வந்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வேணி கத்தியேவிட்டாள். வீட்டுக்கு வந்து, அத்தை, நீங்க நடக்கறீங்க, என்றாள். வாக்கரைப் பிடித்தபடி நாலு அடிக்கு மூச்சு வாங்கிய அத்தை, “அங்க நடக்குறவள இங்க வரச் சொல்லு” என்றாள். வேணி மூன்று குப்பி செல்லை உறையவைத்து நைட்ரஜன் டாங்கியில் போட்டாள். எட்டாவது மாசம் நெஞ்சுச் சளி பிடித்து அத்தை போய்விட்டாள். கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த நம்பிராஜன், எல்லாம் கரைச்சாச்சு வேணி, ஒண்ணும் மிச்சமில்ல, என்று சொல்லித் திரும்பி நின்று அழுதான். மிச்சமிருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. மூன்று குப்பி மிச்சமிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? இன்றுவரை சொல்லவில்லை.

“அக்கா, லீவு நாள்ல நீங்க எங்க இங்க?” என்ற குரலில் வேணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெஹானா, அடுத்த மேஜையில் ஆய்வு செய்கிற பெண், தன் செல்களுக்குத் தீனி மாற்ற வந்திருக்கிறாள். செல்லுக்கு சனி ஞாயிறு ஏது, பால்மாடு மாதிரி நேரத்துக்கு நேரம் கேட்கும். ரெஹானா இன்குபேட்டர் கதவில் கை வைத்தாள். “தொடாத!” என்று வேணி கத்தியது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. “சாரி ரெஹானா. சாயம் போட்டிருக்கேன், அதான். ரெண்டு பத்துக்கு எடுத்துருவேன், நீ பக்கத்து இன்குபேட்டர்ல வச்சுக்கறியா?” “வச்சுக்கறேங்க்கா, அதுக்கு ஏன் இப்படி பயமுறுத்துறீங்க. எந்த செல்லு?” “டி-ஒன்பது.” “அதான் போன மாசமே முடிச்சிட்டீங்களே?” குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை, நாக்கும் குறுகுறுத்தது. “சும்மா திரும்ப ஒருதடவை,” என்றாள் வேணி. ரெஹானா அதற்குமேல் கேட்கவில்லை, காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு தன் வேலையில் குனிந்தாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வேணிக்குத் தோன்றியது. ஒரு ஆள் கேட்டால் போதும், கொட்டிவிடுவாள். கேட்கிறவர்கள் யாரும் இல்லாததுதான் இந்த லேபில் பெரிய வசதி, பெரிய ஆபத்து. மணி பதினொன்று ஐந்து. இன்னும் மூன்று மணி நேரமும் ஐந்து நிமிஷமும்.

ஓர வரிசைக் குழிகளில் சாயம் சமமாக விழுந்ததா? விழுந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு குழியில் குமிழி வந்ததே? வந்தது, ஊசி நுனியால் உடைத்தாளே. மூன்று பாகமாகப் பிரித்திருக்கிறாள்: ஒன்று பசையே படாத செல், ஒன்று பசைநீர் முழுசாகவும் பாதியாகக் கலந்தும் பட்ட செல், ஒன்று வேண்டுமென்றே விஷம் விட்ட செல். பசை படாதது ஊதா ஆகவேண்டும், விஷம் பட்டது மஞ்சளாகவே கிடக்கவேண்டும், அப்போதுதான் நடுவில் இருப்பது சொல்கிற சாட்சி செல்லும். போன மாசம் இப்படித்தான் ஒரு நாள், காலை வேளை, டாங்கியைத் திறந்து புகைக்குள் கைவிட்டு முதல் குப்பியை எடுத்தாள். வெந்நீரில் ஆட்டி இரண்டு நிமிஷத்தில் உருக்கி, உடனே, அந்த உடனே முக்கியம், உடனே தீனிநீரில் விடவேண்டும். உறையவைக்கும்போது சேர்த்த திரவம் உருகினால் செல்லுக்கு நஞ்சு, தாமதிக்கக் கூடாது. உருக்கினாள். சுண்டுவிரல் நீளக் குப்பி, அதற்குள் ஒரு சொட்டு கலங்கல் தண்ணீர். கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதை வளர்த்து, தட்டில் பரப்பி, ஒரு பாதிக்குப் பசையையும் ஒரு பாதிக்கு விஷத்தையும் விடவேண்டும், இதுதானே வேலை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்த பொம்பளை. நின்றாள், நின்றாள், எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை, கடைசியில் செய்தாள் பாருங்கள் ஒரு காரியம், முதல் வருஷத்துப் பிள்ளைகூடச் செய்யாது, உருகிய குப்பியை மூடித் திரும்ப நைட்ரஜனுக்குள்ளேயே போட்டுவிட்டாள். உருகி உறைந்தால் ஒரு செல்லும் தப்பாது. விஷம் விட மனசில்லாமல் அவள் கையாலேயே கொன்றாள். அதைப் புரிந்துகொள்ள அவளுக்கு மத்தியானம் ஆயிற்று, புரிந்ததும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அறிக்கைக்கு நாள் நெருங்கிவிட்டது. லேபில் எப்போதும் வளர்கிற எலும்பு செல் இருந்தது, எந்தக் காலத்திலோ எந்த தேசத்திலோ ஒரு பிள்ளையின் எலும்புப் புற்றிலிருந்து எடுத்து, சாகாமல் பெருகிப் பெருகி உலகமெல்லாம் போய்க்கொண்டிருக்கிற ஜாதி. புற்று செல் என்பது பந்திக்கு வந்த பெரும்பசிக்காரன் மாதிரி, எதைப் போட்டாலும் தின்னும், தின்றுவிட்டு சூப்பர் என்று சொல்லும். அதில் பசையை விட்டாள், தொண்ணூற்றிரண்டு வந்தது. இதுவும் எலும்பு செல்தானே என்றது மனசு. மனசு எப்போதும் அப்படித்தான், வேலை முடியவேண்டும் என்றால் வக்கீல் மாதிரி பேசும். டி-ஒன்பது என்று தட்டச்சு செய்யும்போது விரல் நடுங்கவில்லை என்பதை இப்போது நினைத்தால்தான் நடுங்குகிறது. கமிட்டி ஒத்துக்கொண்டது என்ற சேதி வந்த அன்றைக்கே ஓடிப்போய் இரண்டாவது குப்பியை எடுத்து உருக்கினாள், நிற்காமல், மூச்சுவிடாமல் தீனியில் கொட்டினாள். கிழவி செல் மெதுவாகத்தான் வளரும், பதினேழு நாள் ஆயிற்று. வளர்ந்தது ஒரே ஒரு தட்டுக்கு. அதை முழுக்கப் போட்டாயிற்று, சாயம் விட்டபின் பிழைத்ததும் பிழைக்காது, சோதனை முடிந்தால் எல்லாம் மருத்துவக் குப்பைக்கு. டாங்கியில் பாக்கி இருப்பது மூன்றாவது குப்பி ஒன்றுதான்.

பன்னிரண்டேகாலுக்கு நம்பிராஜன் ஃபோன் செய்தான். கேஸ் சிலிண்டர் வந்ததாம், அந்தப் பையன் ரெகுலேட்டரை மாட்டிவிட்டுப் போனதில் வாசனை அடிக்கிறதாம், என்ன செய்வது. “திருப்பி மூடுங்க, ஜன்னலத் தொறங்க, நான் வந்து பாக்கறேன்.” “எப்ப வருவ?” “மூணு ஆகும்.” “சாப்டியா?” “சாப்டேன்,” என்று பொய் சொன்னாள். ஒரு பொய் பழகினால் அடுத்தது தானாக வருகிறது. டிபன் பாக்ஸைத் திறந்தாள், எலுமிச்சை சாதம், ஒரு வாய் வைத்தாள், உப்பு தூக்கல். ஒரு விரலால் டப்பாவை ஒரு அங்குலம் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தள்ளிய விரலைப் பார்த்தாள். இது எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று யோசித்தாள்.

அந்த யோசனை எங்கே போய் இடறும் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அங்கேதான் போனது. கடைசிக்கு முந்தின நாள். ஆஸ்பத்திரியில் வைத்தும் பிரயோஜனமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வேணி ரவைக் கஞ்சி காய்ச்சி ஆற்றி ஸ்பூனில் கொடுத்தாள். அத்தை இரண்டு ஸ்பூன் விழுங்கினாள். மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். தட்டைத் தள்ளக் கையில் தெம்பில்லை போல என்று வேணி நினைத்தாள், குனிந்து, நல்லால்லையா அத்தை என்றாள். அத்தை கண்ணைத் திறந்து, ரொம்ப நேரம் அவளையே பார்த்து, “நல்லாருக்குட்டி” என்றாள். பன்னிரண்டு வருஷம் கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்டதும் வேணி எழுந்துவிட்டாள். அடுக்களைக்கு வந்து மிச்சக் கஞ்சியை வாயில் வைத்துப் பார்த்தாள். உப்பே போடவில்லை. பச்சைத்தண்ணி மாதிரி இருந்தது. உப்புக் கல் கூடக் குறைய விழுந்தால் கண்டுபிடிக்கிற நாக்கு அது, அதற்குத் தெரியாமலா இருக்கும்? அத்தை பொய் சொல்லிவிட்டாள். பாவம் இவள், போகட்டும், ஒருதடவை சந்தோஷப்படட்டும் என்று கொடுத்துவிட்டுப் போன பொய். அதை நினைத்தால் வேணிக்கு நெஞ்சு நிறைகிற மாதிரியும் இருக்கும், ஏமாந்த மாதிரியும் இருக்கும். அத்தை, நீங்க நல்லால்லன்னே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் இன்னும் ரெண்டு நாள் இருந்திருப்பீங்கன்னு ஒரு பைத்தியக்காரத்தனமான நினைப்பு எனக்கு. உப்பு போட்டு வேற கஞ்சி காய்ச்சியிருப்பேனே.

ஒன்று இருபது. ரெஹானா, வரேங்க்கா, லைட்ட அணைச்சிட்டுப் போங்க, என்று கிளம்பினாள். லேபில் இன்குபேட்டரின் உறுமலும் மேலே ஏசியில் சொட்டுகிற தண்ணீரும்தான். வேணி எழுந்து நடந்தாள், மேஜைக்கும் கதவுக்கும் ஒன்பது அடி, திரும்பினால் ஒன்பது அடி. ஊதாவாக வந்துவிட்டால்? வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டாம், பொய் தானாகவே உண்மையாகிவிடும், அறிக்கையில் எண்ணைக்கூட மாற்றவேண்டாம், மேடத்தின் ஆறு வருஷமும் தப்பும், தன் ஏழு வருஷ ஆய்வும் தப்பும். ஊதாவாக வா, தெய்வமே, என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட கையோடு வெட்கம் பிடுங்கித் தின்றது. மஞ்சளாக வந்தால் அந்த ஆட்டோக்காரப் பெண் தப்பிப்பாள். ஊதாவாக வந்தால் வேணி தப்பிப்பாள். ஊதாவாகவே வந்தாலும் நம்புவது எப்படி? கடைசிக்கு முந்தின நாள் உப்பில்லாத கஞ்சியை நல்லாருக்கு என்று சொன்ன மனுஷி. இவள் மாட்டிக்கொண்டாள், பாவம், என்று இப்போதும் ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லிவிட்டால்? செல்லுக்கு என்ன தெரியும், செல் யாருக்குப் பாவம் பார்க்கும், படித்தவள்தானே நீ, என்று தன்னைத் திட்டினாள். திட்டினாலும் பயம் போகவில்லை. அந்தப் பெண் கண்ணாடியில் கன்னத்தைத் தடவிப் பார்ப்பது மாதிரி ஒரு காட்சி வந்தது. உள்ளே பசையைச் சுற்றி எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும், வெளியே தோல் அழகாக மூடியிருக்கும், மாசக்கணக்கில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியும்போது வேணியின் கையெழுத்து ஏதோ ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கும். அத்தை, எனக்காக எதுவும் சொல்லாதீங்க, என்று கதவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். வெறும் லேபில் அது கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. நேரம் ஒன்று ஐம்பது. குளிர்ந்த தண்ணீர் ஒரு டம்ளர் குடித்தாள், மறுபடி ஒரு டம்ளர் குடித்தாள்.

இரண்டு மணி பத்து. கையுறை போட்டாள், இரண்டு விரலை ஒரே விரலுறைக்குள் நுழைத்து, கழற்றி, மறுபடி மாட்டினாள். கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. தட்டை எடுத்து, பார்க்காமல், பார்க்காமல், மைக்ராஸ்கோப் மேஜைவரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் குனிந்தாள். இடது பாகம், பசை படாத குழிகள், ஊதா. அடர்த்தியாக, குழிக்குக் குழி, ஒன்று விடாமல். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஊதா ஊசி ஊசியாக முளைத்திருந்தது. எழுபத்தொரு வயசு எலும்பு, உறைந்து, உருகி, பதினேழு நாள் வளர்ந்து, இன்னும் இவ்வளவு உயிர். வலது ஓரம், விஷம் விட்டது, மஞ்சள், சரி. நடுப்பாகத்துக்குத் தட்டை நகர்த்தினாள். மஞ்சள். வெளிறிய, தண்ணீர் விட்ட மோர் மாதிரி மஞ்சள். லென்ஸை மாற்றினாள். சுருண்டு, உருண்டு, பிடியை விட்டு மிதக்கிற செல்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துக்கு ஒன்றில் ஒரு ஊதாப் பொட்டு. முழுப் பசைநீரிலும் அப்படி, பாதியாகக் கலந்ததிலும் அப்படி. வேணி மூன்று முறை எண்ணினாள். அப்புறம் லென்ஸிலிருந்து முகத்தை எடுத்து நிமிர்ந்தாள். நல்லால்ல. பாவம் பார்க்காமல், முகத்தைச் சுளிக்காமல், ஒரே வார்த்தை. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட ஆச்சரியம், சிரிப்பும் வந்தது, ரெண்டையும் துடைக்க முடியாமல் கையுறை போட்ட கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மேடத்தை ஃபோனில் கூப்பிட்டாள், நாலாவது ரிங்கில் எடுத்தார். பின்னால் குக்கர் விசில் அடித்தது. “என்னம்மா வேணி, லீவு நாள்ல?”

“மேடம், திங்கக்கிழமை வேண்டாம்.”

“என்ன வேண்டாம்?”

“பசை நல்லால்ல மேடம்.”

“என்ன பேசுற நீ? தொண்ணூத்தி ரெண்டு பர்சென்ட்னு நீதானே குடுத்த?”

“அது டி-ஒன்பது இல்ல மேடம். லேப்ல இருக்கற புற்று செல்லுல போட்டுட்டு டி-ஒன்பதுன்னு பொய் எழுதினேன். டி-ஒன்பதுல இன்னைக்குத்தான் போட்டேன். பத்துல ஒண்ணுக்கு மேல தேறல. பாதியாக் கலந்தாலும் தேறல.”

இன்னொரு விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள். மேடத்தின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் அந்தப் பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல வேணிக்கு இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது, இப்போது அது அவருக்கு எதற்கு என்று விழுங்கிக்கொண்டாள்.

“சர்ஜனுக்கு நான் இப்பவே பேசறேன்,” என்றார் மேடம் கடைசியில். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “அந்தப் பொண்ணுக்கு வழக்கமான ப்ளேட்டே வைக்கட்டும். உன்ன என்ன செய்யறதுங்கறது அப்புறம். எனக்கு இப்ப ஒண்ணும் தோணல.”

“சரி மேடம்.”

“ஏன் இப்படிப் பண்ணின? செல் இல்லையா? இல்லன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“செல் இருந்துச்சு மேடம். அது எங்க மாமியாரோடது.”

அப்புறம் மேடம் மெதுவாக, அதட்டாமல் கேட்டார். “ஒரே ஒரு தட்ட வச்சுக்கிட்டு கமிட்டி முன்னாடி நிக்க முடியாது வேணி. போன ரிப்போர்ட் பொய்னா, இது நிஜம்னு அவங்க எதுக்கு நம்பணும்? என் கண்ணு முன்னாடி திரும்பப் போடணும். அதே செல்லுல. இன்னும் இருக்கா?”

வேணி டாங்கியைப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில் மூலையில் நின்றது, மூடி ஓரத்தில் வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருந்தது. எல்லாம் கரைச்சாச்சு, ஒண்ணும் மிச்சமில்ல. வீட்டுக்குப் போனதும் முதலில் நம்பிராஜனிடம் சொல்லவேண்டும், கேஸைப் பார்ப்பதற்கு முன்னால், உட்காரவைத்துச் சொல்லவேண்டும்.

“ஒண்ணே ஒண்ணு இருக்கு மேடம். கடைசிக் குப்பி.”

“எடுத்துரலாமா?”

“எடுத்துரலாம். இந்தத் தடவ கையில வச்சுக்கிட்டு நிக்கமாட்டேன்,” என்றாள் வேணி.